வெறுங்காலும் கேடயமும்

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளை நடத்தும் முறைகளுள் முதன்மையானவை இரண்டு. ஒவ்வொரு கழகமும் ஏனைய கழகங்கள் அனைத்தோடும் ஆடி, முடிவிற் புள்ளிகளைக் கூட்டி முதல்வரைத் தெரிந்துகொள்வது ஒரு முறை. லீக் என வழங்குவது அது. தோற்றவர் அன்றே விலக, வென்றவர் அடுத்த சுற்றுக்கு ஏறிச் செல்வது மற்றைய முறை. நம் இளைஞர் நொக்-அவுட் என்று கூறுவது இதனையே. முன்னையதில் இன்றைய தோல்வியை நாளைய வெற்றியால் ஈடு செய்துகொள்ளலாம். பின்னையதில் அதற்கு இடமில்லை. ஒரு தோல்வி, அத்துடன் அவ்வாண்டின் கதை முடிந்துவிடும்.

ஆட்டத்தின் நுட்பம் அறிந்தோர் பலர் லீக் முறையே நேர்மையானது என்பர். ஒரு பருவம் முழுவதும் ஆடி முடிக்கும்போது தற்செயலின் விளையாட்டுக் குறைந்து, உண்மையான திறமை மேலோங்கும் என்பது அவர்கள் கட்சி. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் உலகெங்கும் எளிய மக்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவை கிண்ணப் போட்டிகளே. அதன் காரணத்தைச் சற்றே ஆராய்ந்து, கொஸ்லந்தை போன்ற நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

காரணம் இரண்டு எனலாம். வலியவனை நூறு நாள் வெல்ல இயலாத எளியவன், ஒரு நாள் வென்றுவிடக் கூடும் என்பது ஒன்று. இஃது எல்லாரும் அறிந்தது. லீக்கில் இடம்பெறுவோர் சிலரே. அவரைத் தெரிந்தெடுப்போரும் சிலரே. கிண்ணப் போட்டியின் வாயிலோ பெரும்பாலும் அகலமானது. மனுச் செய்துகொண்டு வருவோருக்குத் திறந்திருப்பது. இது மற்றைய காரணம். முன்னையதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னையதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். இவ்விரண்டையும் ஒருங்கே விளக்க வல்லது 1911ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் நிகழ்ந்த கேடயப் போட்டி.

இந்திய உதைபந்தாட்டச் சங்கம் என்ற பெயரால் 1893இல் நிறுவப்பட்ட அமைப்பு, அவ்வாண்டிலேயே ஒரு கேடயத்தைப் பரிசாக வைத்துத் தோற்றவர் விலகும் முறையிற் போட்டியொன்றைத் தொடங்கிற்று. அக்காலத்தில் இந்தியாவில் உதைபந்தாட்டம் என்றால் அது பெரும்பாலும் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் ஆட்டமாகவும், ஐரோப்பிய வர்த்தகரின் கழக ஆட்டமாகவுமே இருந்தது. முதலாண்டிற் கேடயத்துக்காகக் களமிறங்கிய இந்தியக் கழகம் சோபாபசார் ஒன்றே. அதற்கு முந்திய ஆண்டு, 1892இல், வேறொரு கிண்ணப் போட்டியில் அக்கழகம் கிழக்கு சரேப் படைப்பிரிவைத் தோற்கடித்திருந்தது. இந்தியர் ஆங்கிலேயரை உதைபந்தாட்டத்தில் வெல்லலாகும் என்பதற்கு அதுவே முதற் சான்று எனலாம்.

இங்கே ஒரு செய்தியை நேயர்கள் உன்னித்துக் கவனித்தல் வேண்டும். கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. அதில் இந்தியக் கழகங்களுக்கு இடமில்லை. 1914ஆம் ஆண்டு வரை அந்தக் கதவு திறக்கப்படவேயில்லை; திறந்தபோதும் இரண்டாம் பிரிவில், அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்க கழகங்களுக்கு மட்டுமே. அதாவது, எந்த ஆண்டின் வெற்றியைப் பற்றி இன்று நாம் பேசப் போகின்றோமோ, அந்த ஆண்டில் வெற்றியாளரான மோகன் பகான் கழகத்துக்கு லீக்கில் ஆடும் உரிமையே கிடையாது. கேடயப் போட்டி ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்த பெருவாயில்.

மோகன் பகான் கழகம் 1889இல் வடகல்கத்தாவில் தோன்றியது. 1906, 1907, 1908 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து வர்த்தகர் கிண்ணத்தை வென்று புகழ் ஈட்டியது. 1911ஆம் ஆண்டின் அணிக்குத் தலைவர் சிப்தாஸ் பாதுரி. அவருடைய தமையனார் விஜயதாஸ் பாதுரி முன்வரிசையில் அவருக்குத் துணையாக ஆடினார். இருவரும் உருவத்தில் ஒத்திருந்தமையால் எதிரணியினர் ஒருவரை மற்றவரென மயங்குவதுண்டாம். இலக்குக் காவலர் ஹீராலால் முகர்ஜி. பின்வரிசையில் நின்ற சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவ மத ஊழியர். ஆசிரியத் தொழில் புரிந்தவர். பதினொருவருள் அவர் ஒருவரே சப்பாத்து அணிந்து ஆடியவர். ஏனைய பதின்மரும் வெறுங்காலர். மாணவரும் சிறு உத்தியோகத்தருமே அணியில் நிறைந்திருந்தனர்.

ஜூலை மாதத்திற்குள் அவர்கள் ஆறு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. முதலில் புனித சவேரியார் கல்லூரி அணியை மூன்று இலக்குகளால் வென்றனர். அன்று சுதீர் சட்டர்ஜிக்குத் தொழிலிலிருந்து ஓய்வு கிடைக்காமற் போக, பதின்மராகவே ஆடினர் என்பர். அடுத்து ரேஞ்சர்ஸ் கழகத்தை இரண்டுக்கு ஒன்றாகவும், பின்னர் ரைபிள் பிரிகேட் படைப்பிரிவை ஒன்றுக்குப் பூச்சியமாகவும் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு ஆடியது ஒன்றுக்கு ஒன்றாகச் சமநிலையில் முடிந்தது. மீண்டும் ஆடியபோது மூன்று இலக்குகளைப் போட்டு, ஒன்றையும் கொடாது வென்றனர். சேறு பூத்த மைதானத்திற் சப்பாத்தணிந்த போர்வீரரை வெறுங்காலர் எதிர்கொண்ட அக்காட்சியை, அடைமழைக் காலத்தில் நம் தோட்டத்து மைதானங்களைக் கண்டவர் எளிதிலே கற்பனை செய்துகொள்ளலாம்.

இறுதியாட்டம் 29ஆந் திகதி சனிக்கிழமை மாலை நடைபெற்றது. எதிரணி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவு. வங்காளத்தின் பல மூலைகளிலிருந்தும், அசாமிலிருந்துங்கூட மக்கள் புகைவண்டியிலும் படகிலும் வந்து குவிந்தனர். கூட்டம் அறுபதினாயிரத்துக்குக் குறையாது எனவும், எண்பதினாயிரத்தைக் கடந்தது எனவும் அக்கால மதிப்பீடுகள் உள்ளன. மைதானத்தைக் காணவியலாது தொலைவில் நின்றவர்களே மிகப் பலர். வானொலி வாராத காலம் அது. ஆட்டத்தின் நிலையை அவர்களுக்கு அறிவிப்பதற்காகக் காற்றாடிகளை வானில் ஏற்றினார்கள் எனச் செய்திகள் கூறுகின்றன. செய்தியை வான்வழியே அனுப்பும் இந்த உபாயம், வானொலியின் முன்னே அமர்ந்திருக்கும் நமக்கு ஒருவகை உறவு முறையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

முற்பாதியில் எவரும் இலக்கெய்தவில்லை. பிற்பாதியிற் படைப்பிரிவினர் முந்திக்கொண்டனர். சில நிமிடங்களுள் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது இலக்கை எய்தினார். இரண்டுக்கு ஒன்று. கேடயம் முதன்முதலாக இந்தியக் கழகமொன்றின் கைக்கு வந்தது.

அவ்வெற்றியைப் பற்றி வங்காளத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் இருந்த ஒருவர், வில்லியம் கோட்டையிற் பறந்துகொண்டிருந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டி, “அஃது எப்போது இறங்கும்?” என்று வினவினாராம். “மோகன் பகான் அடுத்த முறை கேடயத்தை வெல்லும்போது” என்று விடை வந்ததாம். அக்கழகம் அடுத்துக் கேடயத்தை வென்ற ஆண்டு 1947. கதை பின்னாளிற் கட்டப்பட்டதாகவே இருக்கட்டும். ஆண்டுக் கணக்கு மெய்யானது.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு கண்ணாலும் பார்த்தல் வேண்டும். 1911க்கும் 1947க்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் உள்ளன. வேறோர் இந்தியக் கழகம் கேடயத்தை வெல்வதற்கே இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன; 1936இல் முகமதியர் விளையாட்டுக் கழகம் அதனை வென்றது. ஒரு மாலைப் பொழுதில் ஓர் அதிசயம் நிகழ்ந்துவிடலாம். அதனை வழக்கமாக்குவதற்கு ஒரு தலைமுறையின் உழைப்பு வேண்டியிருந்தது. கிண்ணப் போட்டியின் பெருமையும் எல்லையும் இவ்விடத்திலேயே உள.

வெறுங்காலைப் பற்றியும் ஒரு சொல். 1948இல் லண்டன் ஒலிம்பிக் போட்டியில் பிரான்சை எதிர்த்த இந்திய அணியிற் பெரும்பாலோர் வெறுங்காலராகவே ஆடி, இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றபோதும் உலகின் பாராட்டைப் பெற்றனர். அன்று இந்தியாவின் ஒரே இலக்கை எய்தியவர் சாரங்கபாணி ராமன் என்பார். நான்காண்டுகளின் பின்னர், 1952இல், ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் இந்திய அணி பத்துக்கு ஒன்றாகத் தோற்றது. அதன் பின்னரே சப்பாத்து அணிந்து ஆடுவது இந்தியாவிற் கட்டாயமாயிற்று. வெறுங்காலின் வீரத்தைப் போற்றுவது தகும். ஆனால் விரும்பி வெறுங்காலோடு ஆடுவது ஒன்று. சப்பாத்து வாங்க வழியின்றி ஆடுவது வேறொன்று. முன்னையதைப் புகழ்ந்து பின்னையதை மறைப்பது அறமாகாது.

நேயர்களே, மோகன் பகானின் ஆறு ஆட்டங்களும் கல்கத்தா நகரிலேயே நடைபெற்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வீரர் தம் ஊரில் இருந்தனர். ஆதரவாளரே பயணம் செய்து வந்தனர். பயணம் வீரர்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அறிய வேண்டுமாயின், கிண்ணப் போட்டிகளுக்கெல்லாம் தாய் எனத் தக்க இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தின் முதலாவது பருவத்தையே நோக்கலாம்.

1871இல் அறிவிக்கப்பட்ட அப்போட்டியிற் சேர்ந்தவை பதினைந்து கழகங்களே. அவற்றுள் ஒன்று, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த குயீன்ஸ் பார்க் கழகம். தொலைவு கருதியும், எதிர்க் கழகம் விலகியமையாலும், ஓர் ஆட்டமும் ஆடாமலே அக்கழகம் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. லண்டன் செல்வதற்கான செலவை அதன் ஆதரவாளர் தண்டிக் கொடுத்தனர். 1872 மார்ச்சில், ஓவல் மைதானத்தில், புகழ்பெற்ற வொண்டரர்ஸ் கழகத்தோடு அவர்கள் ஆடியது இலக்கின்றிச் சமநிலையில் முடிந்தது. மீண்டும் ஆடவேண்டும். ஆனால் லண்டனில் தங்கியிருக்கவோ, ஊர் சென்று திரும்பி வரவோ பணமில்லை. தோல்வியே காணாத அக்கழகம் போட்டியிலிருந்து விலகிற்று. வொண்டரர்ஸ் இறுதியாட்டத்திற்குச் சென்று, ஓர் இலக்கினால் வென்று, முதற் கிண்ணத்தைப் பெற்றது.

தோற்றவர் விலக வேண்டும் என்பதே அம்முறையின் ஒரே விதி. ஆயினும் அதன் முதலாவது பருவத்திலேயே, தோலாதவர் வண்டிக் கூலிக்கு வழியின்றி விலக நேர்ந்தது. இந்த உண்மையை மறந்துவிட்டு, கிண்ணப் போட்டியில் எல்லாரும் சமம் என்று பேசுவதிற் பொருளில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1883இல் அதே கிண்ணத்தை பிளாக்பேர்ன் ஒலிம்பிக் என்ற கழகம் வென்றது. அதன் வீரருட் பலர் பருத்தி ஆலைகளிலும் பட்டறைகளிலும் கூலிக்கு உழைத்தவர். அவர்கள் வென்றதோ, உயர்குடியினர் பயிலும் ஈட்டன் கல்லூரியின் பழைய மாணவர் கழகத்தை. மேலதிக நேரத்தில் இரண்டுக்கு ஒன்றாகக் கிடைத்த அவ்வெற்றியின் இலக்கை எய்தியவர் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர். இவ்வதிசயம் எவ்வாறு நிகழ்ந்தது? உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவர் பொருளுதவி செய்தார். இறுதியாட்டத்திற்கு முன்னர் வீரர்கள் தொழிலை விட்டுச் சில நாள் கடற்கரையூரொன்றில் ஒருங்கே தங்கிப் பயிற்சி பெற்றனர். திறமை அவர்களுடையது, ஓய்வும் செலவும் பிறர் தந்தவை. இவை சேர்ந்தபோது கிண்ணம் தொழிலாளர் கைக்கு வந்தது. அதன் பின்னர் அக்கனவான்களின் கழகங்கள் அக்கிண்ணத்தை ஒருபோதும் வெல்லவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இலங்கையின் சங்கக் கிண்ணப் போட்டி 1948இல் தொடங்கியது. நாடு முழுவதற்கும் பொதுவான கிண்ணம் என்பது அதன் கருத்து. அதே 1948ஆம் ஆண்டிலேதான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் நிறைவேறிற்று. அதனால் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களுட் பலரைக் கடல் கடந்து அனுப்பியது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. கிண்ணத்தை நடத்தியோருக்கும் சட்டத்தை இயற்றியோருக்கும் தொடர்பு கற்பிப்பது என் கருத்தன்று. நாட்டின் பெயரால் ஒரு போட்டி தொடங்கிய ஆண்டில், அந்நாட்டின் பெயரைத் தமதென்று சொல்லும் உரிமையை ஒரு மக்கள் கூட்டம் இழந்து நின்றது என்பதே நான் சுட்ட விரும்புவது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்நிலை, விளையாட்டையும் தீண்டாது விட்டிருக்க முடியாது.

பேரகலையிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் பெருவீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்பாக உள்ளது கொஸ்லந்தை. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர். புகைவண்டி ஏற வேண்டுமாயின் அப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ மேலே செல்லல் வேண்டும். அப்புத்தளைக்கு 1893இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும் இருப்புப் பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்பிற்குப் போவதற்காக வகுக்கப்பட்ட பாதை அது. அதே பாதையில் உதைபந்தாட்ட அணியொன்று போய் வருவதென்றால் என்ன வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பதினொருவரும் மேலதிகமாக மூவர் நால்வரும் போக வேண்டும்; முதல் நாளே புறப்பட வேண்டும்; ஓரிரவு தங்க வேண்டும்; மறுநாள் இரவோடிரவாகத் திரும்ப வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அன்றைய பிரட்டில் நின்றாலே பேர். நில்லாவிடில் அந்நாட் சம்பளம் இல்லை. கொழும்பில் ஆடுபவனுக்கு ஒரு மாலைப் பொழுது செலவாகின்ற இடத்தில், கொஸ்லந்தை இளைஞனுக்கு இரண்டு பேர் போகின்றது. ஆட்டம் சமநிலையில் முடிந்து மீண்டும் வரச் சொன்னால், கிளாஸ்கோக் கழகத்தின் கதையே அவன் கதையுமாகும்.

பயணத்துக்கு முன்னே வேண்டுவது மைதானம். மலைச் சரிவிற் சமதரை அருமை. கிடைத்த சமதரை தொழிற்சாலைக்கும், பங்களாவுக்கும், பாதைக்கும் போன பின்னர் எஞ்சியதே லயங்களுக்கு. லயங்களுக்குப் போய் எஞ்சியதே பிள்ளைகள் விளையாடுவதற்கு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாடு மறந்திராது. குடியிருக்கவே உறுதியான நிலம் இல்லாத மக்களுக்கு விளையாட நிலம் கேட்பது மிகையோ என்று சிலர் எண்ணக்கூடும். மிகையன்று. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள். இம்மலையில் உழைப்பவருக்கு இம்மலையில் எவ்வளவு நிலம் உரியது என்பதே அக்கேள்வி.

தோட்டத்து இளைஞர் உதைபந்தாட்டத்தில் ஆர்வம் குன்றியவரல்லர். தீபாவளி, தைப்பொங்கல் நாட்களிலும் ஞாயிறு மாலைகளிலும் தோட்டத்துக்குத் தோட்டம், டிவிஷனுக்கு டிவிஷன் நடைபெறும் ஆட்டங்களைக் கண்டோர் இதனை அறிவர். கோணலான மைதானத்தில், பந்து பள்ளத்துக்கு உருண்டால் தேயிலைச் செடிகளினூடே இறங்கி எடுத்துவந்து ஆடுகின்றவர் அவர்கள். சாய்ந்த தரையிற் பந்தைக் கட்டுப்படுத்தப் பழகியவனுக்குச் சமதரை ஒரு சலுகையே. திறமை அங்கே உண்டு. திறமையைக் கிண்ணத்தின் வாயில் வரை கொண்டு செல்லும் வழிதான் இல்லை.

என் செய்தல் வேண்டும்? பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. கிண்ணப் போட்டியின் தொடக்கச் சுற்றுகளை மாவட்டத்திலேயே நடத்தி, பதுளையிலோ பண்டாரவளையிலோ ஆட வகை செய்வது ஒன்று. தொலைவிலிருந்து வரும் அணிக்கு வண்டிச் செலவைப் போட்டி நடத்துவோரே ஏற்பது மற்றொன்று. ஆட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியின் அந்நாட் பேரைத் தோட்டம் வெட்டாதிருப்பது இன்னொன்று. தோட்டத்துக்கு ஒரு சமதரையைப் பிள்ளைகளின் பெயரால் ஒதுக்கி வைப்பது யாவற்றிலும் முதலானது. பிளாக்பேர்ன் தொழிலாளருக்கு ஒரு வார்ப்பாலை முதலாளி செய்ததைவிட இவை பெரியவை அல்ல. அவர் செய்தது தயவு. இங்கே வேண்டுவது ஒழுங்கு. தயவு செய்பவர் போனால் தயவும் போய்விடும்; ஒழுங்கு நிலைக்கும்.

1911இன் வெற்றி, இந்தியக் கழகங்களுக்கு லீக்கின் கதவை மறுநாளே திறந்துவிடவில்லை. ஆயினும் மூன்றாண்டுகளுக்குப் பின்னர் அக்கதவு திறந்தது. உள்ளே வர விடாதவரை, வர விட்ட ஓரிடத்தில் வென்று காட்டிய பின்னர், கதவைச் சாத்தி வைத்திருப்பதற்குக் காரணம் கூறுவது கடினமாகிவிடுகின்றது. ஒரு தோல்வியோடு முடியும் போட்டியை எளியவன் விரும்புவதன் ஆழ்ந்த காரணமும் இதுவேயாகலாம். அவன் கேட்பது வெற்றியை அன்று. ஆடித் தோற்பதற்கான உரிமையையே முதலிற் கேட்கின்றான். கொஸ்லந்தை அணியொன்று நாட்டின் கிண்ணப் போட்டியில் முதற் சுற்றிலேயே தோற்று வீடு திரும்புமாயினும் அதில் இழுக்கில்லை. பாதை நீண்டது, பேர் வெட்டுவார்கள், கூலிக்குப் பணமில்லை என்று ஆடாமலே விலகுவதுதான் இழுக்கு. அந்த இழுக்கும் அவர்களைச் சார்ந்ததன்று.